கம்பு யார் கையில் இருந்தது

ஜூன் 8, சனி

குருசடிப் பாறையில் இன்று இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மகள் பிரிஸ்கா. வருகிறேன் என்று சொன்ன லியோன் அண்ணன் வரவில்லை. நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கீழே மணலில் நின்று கை காட்டினார். பாறை ஏறவில்லை, அதனால் அவரைச் சேர்க்கவில்லை.

குருசடி என்று பேர் வைத்தது நாங்கள்தான். பாறை நடுவில் சிலுவை போல ஒரு வெடிப்பு ஓடுகிறது. ஆஸ்திரேலியாக்காரர்கள் வைத்த பெயர் பலகையில் இருக்கிறது. அது வாயில் நுழைவதில்லை.

வீட்டுக்காரர் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு ஈட்டித் துப்பாக்கியோடு கடலில் இறங்கினார். தூத்துக்குடியில் அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் சங்கு குளித்தவர்கள். இவர் இங்கே படகுப் பட்டறையில் வெல்டர். வாரம் முழுக்கப் புகையைக் குடித்துவிட்டு, சனிக்கிழமை தண்ணீருக்குள் போனால்தான் இவருக்கு மூச்சு வருகிறது. போகுமுன் தூண்டில் கம்பைப் பாறை இடுக்கில் ஊன்றிவிட்டுப் போவது வழக்கம். இன்று இடுக்கு சரியாக அமையவில்லை.

"கொஞ்சம் பிடிச்சிக்கிடு பிள்ள. இந்தா வந்துருதேன்" என்றார்.

பிடித்துக்கொண்டேன். ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் கம்பு. மூன்றாம் தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு பிரீம் மீன் விழுந்தது. சுற்றி எடுத்துப் போட்டேன்.

வரவு: பிரீம் ஒன்று (அவர் பிடித்தது). ஈட்டியில் ஒன்றும் இல்லை. செலவு: இறால் இரை ஒரு பை.

ஜூன் 11, செவ்வாய்

இரை விற்கும் கடையில் இலவசமாகக் கொடுத்த மீன்பிடிச் சட்டப் புத்தகத்தை உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் இங்கிலீஷ், பூசைப் புத்தகத்திலும் சோப்புப் பெட்டியிலும் எழுத்துக் கூட்டிச் சேர்த்தது. ஆனாலும் இந்தப் புத்தகம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. காரணம் இதன் போக்கு சின்ன வயதில் கோயிலில் மனப்பாடம் செய்த ஞானோபதேசத்தின் போக்கு. எது ஆகும், எது ஆகாது, எந்த அளவு மீறினால் என்ன.

அதனால் அதே மாதிரி கேள்வியும் விடையுமாகத் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.

கேள்வி: ஈட்டித் துப்பாக்கியில் ஈட்டியை எங்கே ஏற்ற வேண்டும்? விடை: தண்ணீருக்குள் போன பிறகே. கரையில் ஏற்றினால் குற்றம்.

கேள்வி: காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஈட்டி எறியலாமா? விடை: கூடாது. சொந்த மூச்சுதான்.

கேள்வி: சின்ன மீன் தூண்டிலில் வந்தால்? விடை: அளந்து, உயிரோடு விட வேண்டும்.

கேள்வி: சின்ன மீன் ஈட்டியில் வந்தால்? விடை: ஈட்டி பட்டதை விட முடியாது. ஆகவே முதலில் கண்ணால் அளவு, பிறகு ஈட்டி. சந்தேகம் இருந்தால் கை வைக்காதே.

இந்தக் கடைசி விடை மீனுக்கு மட்டும் சொன்னது இல்லை என்று தோன்றியது.

இன்னொன்று. ஒரு நாளில் பிடிக்கலாம் என்று ஓர் எண்ணிக்கை. வைத்திருக்கலாம் என்று வேறு எண்ணிக்கை. ஃப்ரீசரில் கிடப்பதும் வைத்திருப்பதில் சேர்த்தி. உடனே எழுந்துபோய் ஃப்ரீசரை எண்ணினேன். தப்பித்தோம்.

லைசென்ஸ் அவர் பெயரில் ஒரு வருடத்துக்கு எடுத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் விரித்துப் படிக்கவில்லை. ரேஷன் கார்டு மாதிரி குடும்பத்துக்கு ஒன்று இருக்கிறதே, அது போதும்.

ஜூன் 15, சனி

இறங்குமுன் அவரைக் கேள்வி கேட்டேன். முதன்முதலாக நன்மை அப்பம் வாங்கப் போகிற பிள்ளை மாதிரி கைகட்டி நின்று ஒப்பித்தார். பிரிஸ்கா போனில் படம் பிடித்தாள்.

"சிங்கி றாலு கண்டா?"

"கையாலதான் எடுக்கணும். ஈட்டி கூடாது."

"முட்டை இருந்தா?"

"விட்டுறணும், டீச்சரம்மா."

"நீல மீனு?"

"தொட்டா நீ வீட்டுல சேக்க மாட்ட."

அந்த நீல மீன் குரோப்பர் என்று ஒரு ஜாதி. ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். பயமே கிடையாது, தண்ணீருக்குள் இவர் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி சுற்றுகிறதாம். அதை ஈட்டியால் தொடக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நம்பி வருகிறதைக் கொல்லாதே என்று ஒரு அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

என் தையல் டேப்பால் அளந்ததில் ஒரு தப்பு கண்டுபிடித்தேன். வயிற்றின் மேல் வளைத்து அளந்தால் மீன் பெரிதாகிவிடுகிறது. தரையில் டேப்பை நேராகப் போட்டு, அதன் மேல் மீனைக் கிடத்த வேண்டும். அப்படிப் போட்டதும் இன்றைய ஃப்ளாட்ஹெட் ஒரு விரல்கடை குறைந்துபோயிற்று. அப்பளத் தலையும் அதுவும், கையில் எடுத்தவுடன் குழம்பு வாசமே வந்துவிட்டது எனக்கு. விட்டுவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

வரவு: பிரீம் மூன்று (அவர் பிடித்தது), ஈட்டியில் ஒன்று. விட்டது: ஒன்று.

ஜூன் 22, சனி

மழை. போகவில்லை. துணியும் காயவில்லை, எனக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

பூசைக்குப் பிறகு லியோன் அண்ணனும் மேபல் அக்காவும் வீட்டுக்கு வந்தார்கள். நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். இந்த ஊர்த் தமிழ்ப் பூசைக்கு அண்ணன்தான் தலைவர், பொருளாளர், ஒலிபெருக்கி எல்லாம். பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 4 ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. பூசை, சாப்பாடு, அதற்குப் பிறகு நேர்ச்சைப் பொருள் ஏலம். ஏலம் இல்லாமல் என்ன திருவிழா?

"போன வருசம் மேபல் சுட்ட கேக்கு அறுபது வெள்ளிக்குப் போச்சு, கேட்டியா. எடுத்தது யாரு? நாந்தான். தின்னது யாரு? அதுவும் நாந்தான்" என்றார் அண்ணன். டாலரை எங்கள் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்.

"பாதி கருகிருந்துச்சுன்னு எல்லாருட்டயும் சொன்னதும் நீங்கதான்" என்றார் மேபல் அக்கா.

"லேய் கஸ்பாரு, இந்த வருசம் நீ ஒரு மீனு குடு. பெருசா. மாதாவுக்குக் கடக்கரக்காரன் வேற என்ன குடுப்பான்?" என்று இவர் பக்கம் திரும்பினார் அண்ணன்.

இவர் என்னைப் பார்த்தார். புத்தகத்தில் பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்கக் கூடாது, பண்டமாற்றும் கூடாது என்று இருப்பதைச் சொன்னேன்.

"விக்கியதா? ஆரு விக்கியா?" என்று அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "அது நேர்ச்சைல்லா! கடையில ஒரு தேங்கா என்ன வெல? ஏலத்துல என்ன வெல? அது யாவாரமாம்மா? பக்தில்லா!"

எனக்கும் அது சரியென்றே பட்டது. என் சொந்த ஊர் மணப்பாட்டில் நேர்ச்சைக் கோழி ஒன்று ஒரு மாதச் சம்பளத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். அதை யாரும் கோழி விற்றதாகச் சொல்லவில்லை.

ஜூலை 6, சனி

ஈட்டியில் இரண்டு. தூண்டிலில் ஆறு (அவர் பிடித்தது), அளவு குறைந்த இரண்டை விட்டாயிற்று.

வீட்டுக்கு வந்து கணக்கு எழுதும்போது பிரிஸ்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எம்மா, அப்பா பிடிச்சதுன்னு எழுதிருக்க. அப்பா அப்போ தண்ணிக்குள்ளல்லா கெடந்தாவ?"

"கம்பு யாருக்குள்ளது?"

"அப்பாக்குள்ளது."

"இரை?"

"எம்மா, அடுப்பு அப்பா வாங்குனது. அப்போ சோறு அப்பாவா பொங்குனாவ?"

பத்தொன்பது வயதாகிறது, நர்ஸிங் படிக்கிறாள், வாய் மட்டும் வக்கீல் படிப்பு படிக்கிறது. போய் வெங்காயம் உரி என்றேன்.

எங்கள் ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏற மாட்டார்கள். வலையைத் தாண்ட மாட்டார்கள். மீன் கரைக்கு வந்த பிறகுதான் எங்கள் ராஜ்ஜியம்: கூறு வைப்பது, விற்பது, கருவாடு போடுவது. என் அம்மா கடலை எத்தனையோ வருடம் முதுகுக்குப் பின்னால் வைத்தே பிழைத்தாள். நான் ஏதோ இவர் வருகிறவரை கம்பைப் பிடித்துக்கொள்கிறேன். அதில் எழுத ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மீன் இரையைத் தொடும்போது கம்பு வழியாக ஒரு தட்டு வரும். யாரோ கதவை விரல் நுனியால் தட்டுகிற மாதிரி. அப்போது இழுக்கக் கூடாது. அது இரண்டாம் தடவை தட்டும். அப்போதும் கூடாது. பிறகு கம்பே கனக்கும். அந்த நேரத்தில் எனக்கு வீட்டு வாடகையும் ஞாபகம் இல்லை, முட்டி வலியும் ஞாபகம் இல்லை. ஜெபமாலையில் எந்த மணியில் இருந்தேன் என்பதும் போய்விடுகிறது. இதை மட்டும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதர் டெனிஸ் சிரித்துவிட்டு, மீன் பிடித்த பேதுருவும் அப்படித்தான் இருந்திருப்பார் என்றார்.

ஜூலை 13, சனி

பிரீம் நான்கு, முரல் ஒன்பது. குருசடிப் பாறையில் வெயில் நன்றாக இருந்தது.

ஜூலை 24, புதன்

வெள்ளிக்கிழமை கொடியேற்றம். மாதா கொடிக்குக் கரை தைத்து முடித்தேன். நூலகத்து இங்கிலீஷ் வகுப்பில் டீச்சர் எல்லாரையும், உங்களுக்குப் பிடித்த நாள் எது என்று எழுதச் சொன்னார். கிறிஸ்துமஸ் என்றுதான் எழுத நினைத்தேன். சனிக்கிழமை என்று எழுதியிருந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

திருவிழாவுக்கு மீன் வேண்டும் என்று இவர் மதியத்திலிருந்தே தண்ணீருக்குள் கிடந்தார். கண்ணுக்குத் தெரிந்தது எல்லாம் சின்னதும் நீல மீனும்தானாம். பிரிஸ்காவுக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி, வரவில்லை. பாறையில் நான் மட்டும். மிதவை உடுப்பு போட்டிருந்தேன்.

வெயில் சாயும்போது கம்பு கனத்தது. தட்டவே இல்லை. நேரே கனம். நான் பாறையில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். பாறை நடந்தது.

என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல வரவில்லை. ஓடும்போது விட்டேன், நின்றபோது சுற்றினேன். ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அருள் நிறைந்த மரியே சொன்னேன், பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். தூண்டில் நரம்பு உள்ளங்கையை அறுத்தது. கடைசியில் அது பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளி மாதிரி மின்னியபோது அழுகை வந்துவிட்டது. பாறையின் ஓரத்தில் ஒரு வாய்க்கால் இருக்கிறது, அலை வந்தால் நிரம்பும், போனால் வற்றும். ஒரு பெரிய அலைக்குக் காத்திருந்து அதன் முதுகிலேயே மீனை வாய்க்காலுக்குள் ஏற்றினேன். அலை போயிற்று, மீன் இருந்தது.

மல்லோவே என்று இங்கே பெயர். நம் ஊர்க் கூறல் மீனுக்குச் சொந்தக்காரன். டேப்பைத் தரையில் போட்டு அளந்தேன்: குறைந்தது எழுபது சென்டிமீட்டர் வேண்டும் என்பது சட்டம், இது நூறைத் தாண்டிற்று. ஓர் ஆளுக்கு ஒன்றுதான். ஒன்றுதான் இருந்தது.

இவர் ஏறி வந்து, மீனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மாதாவே" என்றார்.

ஆம். மாதா இழுத்துப் போட்டாள். கம்பு என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

வரவு: மல்லோவே ஒன்று.

(அடைப்புக்குறிக்குள் இன்று ஒன்றும் எழுதவில்லை. களைப்பு.)

ஆகஸ்ட் 4, ஞாயிறு. பனிமய மாதா திருவிழா

பூசை நன்றாக நடந்தது. சாப்பாடு போதும் போதும் என்று இருந்தது. மீனை ஐஸ் போட்டு, வாழை இலை கிடைக்காததால் மாதா கொடிக்கு வாங்கிய நீலத் துணியில் மிச்சத்தை விரித்துக் கிடத்தியிருந்தோம். ஃபாதர் டெனிஸ் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு விசில் அடித்தார்.

லியோன் அண்ணன் மைக்கைப் பிடித்தார். "நம்ம கஸ்பாரு, தூத்துக்குடிச் சிங்கம், மாதாவுக்காவ ஆழக் கடல்ல போராடிப் பிடிச்ச மீனு! அம்பது வெள்ளி ஒரு தரம்!"

எல்லாரும் கை தட்டினார்கள். இவர் எழுந்து கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தார். பிரிஸ்கா மட்டும் என் உள்ளங்கைக் காயத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நூறு, நூற்றைம்பது, இருநூறு. கடைசியில் லியோன் அண்ணன் தன் ஏலத்தைத் தானே ஏற்றி நானூறு வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மேபல் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "இந்த மீன எந்தச் சட்டியில வைக்க?" என்று அவர் கேட்டது மைக்கிலேயே கேட்டது.

மீனோடும் இவரோடும் அண்ணன் நின்று படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். பெயர், இடம், தொகை எல்லாம் இங்கிலீஷில். நான் படத்தில் இல்லை; கேக் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

சந்தோஷமான நாள். மாதாவுக்கு ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கையால் மாவு பிசைய முடியவில்லை. தோசை ஊற்றினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இவர் பட்டறையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மீன்வளத் துறை அதிகாரி வந்தார். பெண். என் வயதுதான் இருக்கும். பெயர் ஹெலன். ஷூவை வாசலில் தானாகவே கழற்றினார். அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

போனில் லியோன் அண்ணன் போட்ட படத்தைக் காட்டினார். பொழுதுபோக்கு லைசென்ஸில் பிடித்த மீனை விலைக்கு விட்டது குற்றம் என்றார். கோயிலுக்கு என்று இவர் சொன்னார். கோயிலுக்கு என்றாலும் ஒருவர் பணம் கொடுத்தார், மீன் கை மாறியது, அது விற்பனை என்றார் அவர். சத்தம் போடாமல், தயவாகத்தான் சொன்னார். வாங்கியவரிடமும் பேசப் போகிறாராம்.

பிறகு கேட்டார், இந்த மீனைப் பிடித்தது யார் என்று.

"நான்" என்றார் இவர்.

லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வீட்டில் வேறு யாராவது தூண்டில் போடுவீர்களா, ஆளுக்கு ஆள் தனித்தனி லைசென்ஸ் வேண்டும், தெரியும்தானே என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஆளுக்கு ஆள்.

நான் வாய் திறக்குமுன் இவர் சொல்லிவிட்டார்: "இல்லை, இல்லை. என் மனைவி சும்மா கூட வருவாள். செபம் பண்ண."

ஹெலன் என் கைக்கட்டைப் பார்த்தார். பிறகு, மேலிடம் முடிவு செய்யும், எச்சரிக்கையோடு விடலாம், அபராதம் போடலாம், கொஞ்ச காலம் மீன் பிடிக்கவே தடை போட்டாலும் போடலாம் என்று சொல்லி, ஷூவை மாட்டிக்கொண்டு போனார். டீ குடிக்கவில்லை.

அவர் போன பிறகு புத்தகத்தில் லைசென்ஸ் பக்கத்தைப் படித்தேன். நேராகத்தான் எழுதியிருக்கிறது.

செபம் பண்ணத்தான் போகிறேன். அது பொய் இல்லை. குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 10, சனி

பாறைக்குப் போகவில்லை. அலமாரி மூன்றையும் துடைத்தேன். மசாலா டப்பாக்களுக்குப் புதிதாகப் பெயர் எழுதி ஒட்டினேன். தடை வந்தால் இவர் பாடு கஷ்டம். சனிக்கிழமைதான் இவருக்கு மூச்சு. இவர் பாவம்.

இவர் ஷெட்டில் உட்கார்ந்து ஈட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, வானொலி கேட்டுக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூசையில் நன்மை வாங்க எழுந்து போகவில்லை. மனசு சுத்தமாக இருந்தால்தான் வாங்கலாம். இருமல் என்று பிரிஸ்காவிடம் சொன்னேன்.

"எத்தன நாளா இருமலு? நா நர்ஸ் படிக்கேன்மா" என்றாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே முழங்காலில் இருந்தாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சாயங்காலம் இவர் சாப்பிடும்போது சொன்னேன், அந்த அதிகாரி அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று.

"ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார். "எம்பேருல லைசென்ஸ் இருக்கு. ஏலம் விட்டது ஒரு குத்தம், அதோட போவும். ஒம்பேரு வந்தா லைசென்ஸ் இல்லாம பிடிச்சது ரெண்டாவது குத்தம். ஒன்ன உள்ள இழுத்துவிடச் சொல்லுதியா?"

"எனக்காவத்தான் சொன்னிய. தெரியும்."

"பொறவு என்ன?"

"செபம் பண்ண வருவான்னு சொன்னிய."

"நீ செபம் பண்ணலயா?"

"பண்ணுதேன். மீனும் பிடிக்கேன்."

இவர் கை தட்டில் நின்றுவிட்டது. எனக்கும் நான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. நிறுத்த முடியவில்லை. "ஜூன் மாசத்துலருந்து தூண்டில்ல வந்தது பூராவும் நா பிடிச்சது. பிரீமு, முரலு, எல்லாம். நீங்க பிடிச்சதா எழுதி வச்சிருக்கேன். இந்த மீனையும் நாந்தான் பிடிச்சேன். தட போட்டா எனக்குப் போடட்டும். ஆனா நா பிடிச்சதுக்குப் போடட்டும்."

இவர் சோற்றைப் பிசைந்தார். பிறகு சிரித்தார்.

"நா பாத்தேன் பிள்ள."

"என்னத்த?"

"நீ அந்த மீனோட மல்லுக்கெட்டுனத. பாதியிலேயே மேல வந்துட்டேன். தண்ணியில மெதந்துக்கிட்டே பாத்தேன். ஏறி வந்து கம்ப வாங்கிருக்கலாம். வாங்க மனசு வரல. எங்கப்பா சங்குக்கு முங்கிட்டு வெளிய வரும்போது அவரு மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? அப்படி இருந்துச்சு ஒன் மூஞ்சி." தண்ணீர் குடித்தார். "ஏலத்துல லியோன் சிங்கம்னு சொன்னப்ப எந்திரிச்சிச் சொல்லிருக்கணும். எல்லாரும் கை தட்டிட்டானுவ. சொகமா இருந்துச்சு. இருந்துட்டேன்."

சட்டியில் இருந்த பெரிய துண்டை என் தட்டில் வைத்தார். நாளை அரை நாள் லீவு போடுகிறாராம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இரண்டு பேரும் போனோம். நானே பேசினேன். வாக்கியம் எங்கெங்கோ உடைந்தது. ஹெலன் பொறுமையாகக் காத்திருந்தார். என் கணவர் தண்ணீருக்குள் இருந்தார், கம்பு என் கையில் இருந்தது, லைசென்ஸ் குடும்பத்துக்கு ஒன்று என்று நினைத்தேன், எங்கள் நாட்டில் அரிசி அட்டை அப்படித்தான் என்றேன்.

அவர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, அந்தப் பாறையிலிருந்து அவ்வளவு பெரிய மீனைக் கொக்கிக் கம்பு இல்லாமல் எப்படி மேலே எடுத்தாய் என்று கேட்டார். வாய்க்காலைச் சொன்னேன். அலைக்குக் காத்திருந்ததைச் சொன்னேன். கையால் ஆடிக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார். இவர் நடுவில் புகுந்து, "பெரிய அலை, ரொம்பப் பெரிய அலை" என்று தன் பங்குக்குக் கையை விரித்தார்.

நீ சொன்னதை எழுதியே ஆக வேண்டும், அது உன் பேரில்தான் வரும் என்றார் ஹெலன். அதற்குத்தான் வந்தேன் என்றேன். மேலிடத்திலிருந்து கடிதம் வரும், அதுவரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் கடலில் தூண்டிலோ ஈட்டியோ போடாமல் இருப்பது நல்லது என்றார்.

திரும்பும் வழியில் இரைக் கடையில் நின்று என் பெயரில் ஒரு லைசென்ஸ் எடுத்தார் இவர். அமலோற்பவம் என்று எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. கடைக்காரர் மூன்று தடவை கேட்டார். இவர் மூன்று தடவையும் உரக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நன்மை வாங்கினேன்.

ஏலப் பணம் நானூறையும் ஃபாதர் திருப்பிக் கொடுத்துவிட்டார். லியோன் அண்ணன் அதை அப்படியே உண்டியலில் போட்டார், மீனுக்கு இல்லை, சும்மா என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு. அவருக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் உண்டாம். பூசை முடிந்து எல்லாரும் நிற்கும்போது இவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடே கஸ்பாரு, பொம்பள பிடிச்ச மீனுக்கா நா நானூறு வெள்ளி ஏத்துனேன்?"

"ஆமாண்ணே. நா பிடிச்சிருந்தா நாப்பதுக்குப் போயிருக்கும்" என்றார் இவர்.

மேபல் அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிவிட்டது. மீன் தலையைக் குழம்பு வைத்தாராம், மூன்று நாள் ஓடியதாம். "அமலி, கடிதம் வந்த பொறவு நானும் ஒரு நாளு வாறேன், கேட்டியா. சும்மா பாக்கத்தான்" என்றார்.

சும்மா பார்க்க ஒன்றும் இல்லை, லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 24, சனி

குருசடிப் பாறைக்கு வெறுங்கையோடு போனோம். பறவைகள் கூட்டமாக ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுந்தன. கீழே டெய்லர் மீன் சாளையை விரட்டுகிறது என்றார் இவர். என் வலது கை தானாக மூடி மூடித் திறந்தது. இரண்டு ஜெபமாலை சொன்னேன். மனசு ஒன்றிச் சொன்னேன். இவ்வளவு ஒன்றிச் சொல்லப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வரவு இல்லை.

செப்டம்பர் 7, சனி

இன்னும் கடிதம் வரவில்லை. பிரிஸ்கா, சும்மா இருந்தால் அவர்களும் சும்மா இருப்பார்கள், எழுதிக் கேள் என்றாள். நானே இங்கிலீஷில் எழுதினேன். அவள் ஒரு எழுத்தும் திருத்தவில்லை, நான் திருத்தவும் விடவில்லை. தபாலில் போட்டாயிற்று. எழுதியதைத் தமிழில் இங்கே வைத்துக்கொள்கிறேன்.

"மதிப்புக்குரிய மீன்வளத் துறைக்கு,

ஆகஸ்ட் 3 அன்று மல்லோவே மீன் பிடித்தது நான். அதைக் கோயிலில் ஏலம் விட்டதற்குச் சம்மதித்ததும் நான். இரண்டும் தவறு என்று இப்போது தெரியும். மீன் நல்ல மீன். அளவில் குறைவு இல்லை.

அபராதம் என்றால் கட்டுகிறேன். தடை என்றால் எத்தனை மாதம் என்று எழுதுங்கள், எண்ணிக்கொண்டு இருப்பேன். என் கணவருக்கு மட்டும் தடை, எனக்கு இல்லை என்றோ, எனக்கு மட்டும், அவருக்கு இல்லை என்றோ இருந்தால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். நாங்கள் மாறி மாறிக் கரையில் உட்காருவோம், வீட்டில் அதைப் பேசி வைத்திருக்கிறோம்.

இங்கே இப்போது காற்று வடக்கே திரும்பிவிட்டது. தண்ணீர் தெளிந்திருக்கிறது. டெய்லர் பாறைக்குப் பக்கத்தில் வருகிறது. அளவு, எண்ணிக்கை எல்லாம் எனக்கு மனப்பாடம்.

தயவுசெய்து பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள்."